"சார், ஒரு டவுட்!" - எப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும்?

ராத்திரி பத்தரை மணி. நாளைக்கு யூனிட் டெஸ்ட். நோட்டுல இருக்கிற ஒரு கணக்கை போட்டோ எடுத்து டியூஷன் சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறீங்க. கூடவே, 'புரியல சார்'னு ஒரு வரி. ப்ளூ டிக் விழுது. பத்து நிமிஷம் கழிச்சு அவர்கிட்ட இருந்து வர்றது ஒரே வார்த்தை: 'எது?'

கடுப்பாத்தான் இருக்கும். ஆனா, சாருக்கு நிஜமாவே தெரியாது. கேள்வியோட இங்கிலீஷ் புரியலையா, ஃபார்முலா எங்கிருந்து வந்துச்சுன்னு புரியலையா, எல்லாம் போட்டு முடிச்சும் விடை பொருந்தலையா, இல்ல ஆரம்பிக்கவே தெரியலையா? நாலுக்கும் நாலு வேற வேற பதில் இருக்கு. அவர் எதைச் சொல்வார்?

காலேஜ் படிக்கும்போது எங்க வீட்டு மொட்டை மாடியில் ப்ளஸ் டூ பசங்களுக்கு நான் டியூஷன் எடுத்திருக்கேன். 'புரியலண்ணா'ன்னு யாராவது சொன்னா, உடனே நோட்டை வாங்கி முழுக் கணக்கையும் கடகடன்னு போட்டுக் கொடுத்துடுவேன். பையன் தலையாட்டுவான். எனக்கும் பெருமையா இருக்கும். அடுத்த வாரம் அதே கணக்கை நம்பர் மட்டும் மாத்திக் கேட்டா, வெள்ளைப் பேப்பர்தான். அப்போ அவன்மேலதான் கோபம் வந்துச்சு. தப்பு என்னுதுதான்னு புரிய ரொம்ப நாளாச்சு.

வகுப்புல ஏன் வாய் வரமாட்டேங்குது?

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்தர் கிரேஸரும் நடாலி பெர்சனும் 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் உட்கார்ந்து படிக்கும் டியூஷனில் மாணவர்கள் எத்தனை கேள்வி கேட்கிறாங்க, வகுப்பில் எத்தனை கேட்கிறாங்கன்னு எண்ணிப் பார்த்தாங்க. டியூஷனில் சுமார் 240 மடங்கு அதிகம்! வகுப்பில் 40 பேருக்கு நடுவே கையைத் தூக்க எல்லாருக்கும் கூச்சம். 'இதுகூடத் தெரியலையா'ன்னு பின் பெஞ்ச் சிரிக்குமோன்னு பயம். நம்ம ஊர் கதை மட்டுமில்ல, எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம்தான் முக்கியம். நிறைய கேள்வி கேட்டவங்க நல்லா படிச்சாங்கன்னு சொல்ல முடியல. எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியல. டியூஷன் கொஞ்சம் பழகின பிறகு, எந்த மாதிரிக் கேள்வி கேட்டாங்க என்பதோட தரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும்தான் தொடர்பு இருந்துச்சு.

அதனால், 'தைரியமா நிறைய டவுட் கேளு'ன்னு பெரியவங்க சொல்ற அட்வைஸ் பாதிதான் சரி. டவுட்டைச் சரியா கேட்கவும் தெரியணும். அதுவும் பாடத்துக்குப் பாடம் மாறும். கணக்குல கேட்கிற மாதிரி பிசிக்ஸ்ல கேட்டா வேலைக்கு ஆகாது. பிசிக்ஸ்ல கேட்கிற மாதிரி பிரெஞ்சுல கேட்டா மிஸ் முழிப்பாங்க.

கணக்கு: எந்த வரியில் மாட்டினீங்க?

கணக்கு டியூட்டருக்கு உங்க விடை முக்கியமில்ல. உங்க வரிகள்தான் வேணும். ஓர் உதாரணம் பார்க்கலாம். எக்ஸ் ஸ்கொயர் = 3 எக்ஸ். எக்ஸ் என்ன? நீங்க ரெண்டு பக்கமும் எக்ஸால் வகுக்கிறீங்க. எக்ஸ் = 3. பின்பக்கம் புரட்டிப் பார்த்தா புக்கில் விடை '0, 3'. அந்த 0 எங்கிருந்து வந்துச்சு?

'புக்ல தப்பா சார்?'னு கேட்டா, 'இல்லப்பா, புக் சரிதான்'னு பதில் வரும். கதை முடிஞ்சது. 'ரெண்டாவது வரியில எக்ஸால வகுத்தேன் சார், அப்போ ஒரு விடை காணாமப் போயிடுச்சு, ஏன்?'னு கேட்டுப் பாருங்க. சார் முகமே மலரும். ஒரு நல்ல டியூட்டர் அப்பவும் உடனே விடை சொல்லிட மாட்டார். 'சைபரால வகுக்கலாமா?'னு திருப்பிக் கேட்பார். கூடாது. 'அப்போ எக்ஸால வகுத்தப்ப, எக்ஸ் சைபர் இல்லேன்னு நீயே முடிவு பண்ணிட்ட இல்ல?' அவ்வளவுதான். சைபரை வீட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினது நீங்கதான். வகுக்காம எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, எக்ஸ் × (எக்ஸ் − 3) = 0 என்று எழுதினா ரெண்டு விடையும் பத்திரமா இருக்கும். வகுக்கிறதுக்கு முன்னாடி, 'இது சைபரா இருந்தா?'னு கேட்டுக்கிற பழக்கம் இனி உங்களுக்கு வந்துடும். அந்த ஒரு கணக்கோட விடை மட்டும் தெரிஞ்சிருந்தா இது வந்திருக்காது.

இன்னொரு வகை டவுட், 'அப்படித்தான் வெச்சுக்கணும்'னு சொல்லி மூடப்படுவது. 0! = 1 ஏன்? ஒண்ணுமே இல்லாததோட ஃபேக்டோரியல் எப்படி ஒண்ணாகும்? 'அது டெஃபனிஷன், மனப்பாடம் பண்ணு'ன்னு யாராவது சொன்னா விடாதீங்க. 4! என்பது 24. அதை 4-ஆல் வகுத்தா 3!, அதாவது 6. அதை 3-ஆல் வகுத்தா 2!, அதாவது 2. அதை 2-ஆல் வகுத்தா 1!, அதாவது 1. அதை 1-ஆல் வகுத்தா? 0! கிடைக்கணும், கிடைக்கிறது 1. படிக்கட்டில் இறங்கி வந்தா கடைசிப் படி அதுதான். டெஃபனிஷன்தான், சந்தேகமில்ல. ஆனா, ஏன் அப்படி வெச்சாங்கன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

டியூட்டரையே தொந்தரவு பண்ணத் தேவையில்லாத டவுட்டும் உண்டு. போன் கால்குலேட்டரில் சைன் 30 போட்டா 0.5 வராம மைனஸ் 0.988 வருதா? டிகிரிக்குப் பதிலா ரேடியனில் இருக்கு. பட்டனை மாத்துங்க. சைன் (ஏ + பி) என்பதை சைன் ஏ + சைன் பி-ன்னு பிரிக்கலாமா? 30, 60 போட்டுப் பாருங்க. 0.5 + 0.866 = 1.366. சைன் எப்போதும் ஒண்ணைத் தாண்டாது. ஆக, பிரிக்கக் கூடாது. நம்பர் போட்டுப் பார்க்கிறதுக்கு 20 செகண்டுகூட ஆகாது.

பிசிக்ஸ்: ஃபார்முலாவை மூடி வைங்க

பிசிக்ஸ்ல பெரிய சிக்கலே, நமக்கு டவுட் இருக்குன்னே நமக்குத் தெரியாது. ஃபார்முலா தெரியும், நம்பர் போடத் தெரியும், விடையும் வந்துடும். உள்ளுக்குள்ள வேற ஒரு நம்பிக்கை ஓடிக்கிட்டே இருக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மஸூருக்கு இது நடந்திருக்கு. நியூட்டன் விதிகளை வைத்து, கணக்கே போடத் தேவையில்லாத எளிய கேள்விகள் கொண்ட ஒரு டெஸ்ட்டை தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்க சொல்லிக்கொடுத்தபடி எழுதணுமா, நான் வழக்கமா நினைக்கிறபடி எழுதணுமான்னு கேட்டாங்களாம்! சிரிப்பா இருந்தாலும், இதைவிட நேர்மையான டவுட் கிடையாது. மஸூர் தன் பாடம் நடத்தும் முறையையே மாத்திக்கிட்டார். அவர் கொஞ்ச நேரம் விளக்குவார். பிறகு ஒரு கேள்வி. மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோட விவாதிச்சுப் பதில் சொல்லணும்.

நீங்களும் ஒண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாம். ஒரு பந்தை நேரா மேலே எறியுறீங்க. உச்சியில் ஒரு கணம் நிக்குது. அந்தக் கணத்தில் அதோட திசைவேகம் சைபர். முடுக்கம், அதாவது ஆக்ஸிலரேஷன் எவ்வளவு?

'சைபர்'னு சொன்னா நீங்க தனி ஆள் இல்ல. நிறையப் பேர் அப்படித்தான் சொல்வாங்க. 'நின்னுடுச்சு, அப்புறம் என்ன முடுக்கம்?' என்பதுதான் அவங்க வாதம். அனுபவமுள்ள டியூட்டர் இங்கே '9.8'னு சொல்லிட்டுப் போக மாட்டார். 'திசைவேகமும் சைபர், முடுக்கமும் சைபர்னா அடுத்த செகண்ட் பந்து எங்க இருக்கும்?'னு கேட்பார். யோசிச்சுப் பாருங்க. வேகமும் இல்ல, வேகம் மாறவும் இல்லன்னா, பந்து அங்கேயே அந்தரத்தில் தொங்கிக்கிட்டு இருக்கணும். விழுதே! உச்சிக்கு ஒரு செகண்ட் முன்னாடி விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கிட்டு இருந்துச்சு. உச்சிக்கு ஒரு செகண்ட் பின்னாடி அதே 9.8 மீட்டர் வேகத்தில் கீழே வருது. நடுவில் எந்த இடத்திலும் மாற்றம் ஓய்வெடுக்கல.

மேஜைமேல இருக்கிற புக்கும் அப்படித்தான். புக்கோட எடை கீழே, மேஜை தள்ளுவது மேலே, ரெண்டும் சமம். 'இதுதான் சார் நியூட்டனோட மூணாவது விதி'ன்னு எழுதிடுவோம். தப்பு. மூணாவது விதியில் வரும் ஜோடி ரெண்டு வெவ்வேறு பொருள்கள்மேல செயல்படணும். இங்கே ரெண்டு விசையும் ஒரே புக்மேல. பூமி புக்கை இழுக்குதுன்னா, அதோட ஜோடி புக் பூமியை இழுப்பது. சந்தேகமா இருந்தா, புக்மேல கையை வெச்சு அழுத்துங்க. மேஜை தள்ளுற விசை கூடும். புக்கோட எடை கூடாது. ஜோடின்னா ரெண்டும் சேர்ந்துதானே மாறணும்?

அதனால் பிசிக்ஸ் டவுட் கேட்கும்போது ஃபார்முலாவை அனுப்பாதீங்க. ஒரு படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு, 'நான் இப்படி நடக்குதுன்னு நினைக்கிறேன் சார், சரியா?'னு அனுப்புங்க. உங்க தப்பு அந்தப் படத்தில் பளிச்சுன்னு தெரியும். ஃபார்முலாவில் தெரியாது.

பிரெஞ்சு: 'ஏன்'னு கேட்டா மாட்டினீங்க

நம்ம ஊர்ல ப்ளஸ் ஒன்ல பிரெஞ்சு எடுக்கிற நிறையப் பேர் பாரிஸைப் பார்க்க ஆசைப்பட்டு எடுக்கிறதில்ல. 'தமிழைவிட மார்க் வரும்'னு யாரோ சொல்லியிருப்பாங்க. இன்ஜினீயரிங் கட் ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே இல்ல. விளைவு, பிரெஞ்சு டவுட் எல்லாம் பிப்ரவரி மாசம் வரைக்கும் மூட்டை கட்டி ஓரமா கிடக்கும். புதுச்சேரியில் கதை வேற. 1954 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. 1826-ல் தொடங்கிய லிசே பிரான்சே பள்ளி இன்னும் நடக்குது. அங்கே கணக்கும் பிசிக்ஸுமே பிரெஞ்சில்தான். அங்கே 3.14-ஐ '3,14'ன்னு புள்ளிக்குப் பதிலா கமா போட்டு எழுதுவாங்க என்பது நம்ம கணக்கு சார்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி.

முதல் நாள் முதல் டவுட் எல்லாருக்கும் ஒண்ணுதான். மேஜை ஏன் பெண்பால்? 'லா தாப்ல்'. புத்தகம் ஏன் ஆண்பால்? 'ல லிவ்ர்'. தமிழில் நமக்கு உயர்திணை, அஃறிணைன்னு அர்த்தத்தைப் பார்த்தே பிரிச்சிடலாம். மேஜை அஃறிணை, முடிஞ்சது. பிரெஞ்சில் அந்த வசதி கிடையாது. 'ஏன் மிஸ்?'னு கேட்டா, 'அப்படித்தான்பா'ன்னுதான் மிஸ் சொல்ல முடியும். அவங்களைக் குறை சொல்லாதீங்க. இந்த இடத்தில் பதிலே இல்ல. 'எப்படிக் கண்டுபிடிக்கிறது மிஸ்?'னு கேளுங்க. அதுக்குப் பதில் இருக்கு. 'சியோன்'னு முடிகிற வார்த்தைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்பால்: 'லா நாசியோன்'. 'ஆழ்'னு முடிகிறவை பெரும்பாலும் ஆண்பால்: 'ல கராழ்', 'ல வுவாயாழ்'. விதிவிலக்கும் உண்டு: பக்கம் என்கிற 'பாழ்', கடற்கரை என்கிற 'ப்ளாழ்' ரெண்டும் பெண்பால். முக்கியமான விஷயம், வார்த்தையைத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க. 'லா', 'ல'வோட சேர்த்தே நாக்குல ஏத்துங்க.

ரெண்டாவது தப்பு, பிரெஞ்சுக்கு இங்கிலீஷ் வழியா போறது. 17 வயசுன்னு சொல்ல, இங்கிலீஷை அப்படியே மாத்தி 'ழ சுய்'னு ஆரம்பிச்சு மார்க்கை விடுவாங்க. பிரெஞ்சில் 'ழே தீஸெத் ஆன்'. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா, 'என்னிடம் 17 வருடங்கள் இருக்கு'. பசிக்கும் அதே 'ழே', தாகம், குளிர், பயம், தூக்கம் எல்லாத்துக்கும் 'ழே'. என்னடா இதுன்னு தோணுதா? தமிழில் சொல்லிப் பாருங்க. எனக்கு 17 வயசு. எனக்குப் பசிக்குது. எனக்குத் தாகமா இருக்கு. எனக்குக் குளிருது. எனக்குப் பயம். எனக்குத் தூக்கம் வருது. நாம எங்கெல்லாம் 'எனக்கு'ன்னு சொல்றோமோ, இந்தப் பட்டியலில் அங்கெல்லாம் 'ழே'! இங்கிலீஷ்தான் நடுவில் குழப்புது. ('எனக்குப் பிடிக்கும்'னு சொல்ல மட்டும் இதைப் போட்டுடாதீங்க, அது வேற.) 'த்யூ', 'வூ' ரெண்டும்கூட நம்ம நீ, நீங்கதான். மரியாதைக்கும் 'வூ', பல பேரைக் கூப்பிடவும் 'வூ'. இங்கிலீஷ்காரருக்கு இது ஒரு முழுப் பாடம்; உங்களுக்கு அரை நிமிஷம்.

எண்களில் ஒரு தமாஷ் இருக்கு. பிரெஞ்சில் 70 என்பது '60, 10'. 80 என்பது 'காத்ர் வேன்', அதாவது நாலு இருபது. 90 என்பது நாலு இருபது, பத்து. 99 சொல்லணும்னா நாலு இருபது, பத்து, ஒன்பது! 'பிரெஞ்சு வகுப்பா, கணக்கு வகுப்பா?'ன்னு பசங்க புலம்புவாங்க. நம்ம வீட்டையும் கொஞ்சம் பாருங்க. ஐம்பது, அறுபது வரிசையில் இருக்க வேண்டிய 'பது' நம்ம ஒன்பதில் இருக்கு. தொண்ணூறில் 'நூறு' இருக்கு. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' இருக்கு. தமிழ் கத்துக்க வர்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பார்த்து அழுதா, நாமளும் 'அப்படித்தான் சார்'னுதான் சொல்வோம்.

உச்சரிப்பு டவுட்டை மட்டும் டைப் பண்ணவே பண்ணாதீங்க. இங்கே நான் 'ழ' போட்டு எழுதியிருக்கிற பிரெஞ்சு ஒலி, 'வாழைப்பழ' ழ கிடையாது. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது அந்த ஒலிக்கு 'ழ' போடுற வழக்கம் இருக்கு, அவ்வளவுதான். அதை எழுத்தில் விளக்க முடியாது. வாய்ஸ் நோட் போடுங்க. மிஸ்ஸும் வாய்ஸ் நோட்டிலேயே திருத்துவாங்க. பின்னாடி பிரான்ஸில் படிக்கலாம்னு ஆசை வந்தா, பிரெஞ்சு வழிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் பி2 அளவு கேட்பாங்க. அந்தத் தேர்வில் பேச்சுக்கும் தனி மார்க். ப்ளஸ் டூவில் வாங்கின மார்க் அங்கே உங்களுக்காகப் பேசாது.

நல்ல டியூட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கட்டணத்தை வெச்சு இல்ல. போர்டில் எவ்வளவு வேகமா போடுறார் என்பதை வெச்சும் இல்ல. ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினதுன்னு கவனிங்க. மிஷலின் சீ என்கிற ஆய்வாளரும் அவர் குழுவும் 2001-ல் ஒரு சோதனை செய்தாங்க. மனித உடலின் ரத்த ஓட்டம்தான் பாடம். சில டியூட்டர்களிடம், 'விளக்கம் சொல்லக் கூடாது, சரி தப்புன்னும் சொல்லக் கூடாது, மாணவரைப் பேசத் தூண்டுங்க, போதும்'னு சொல்லிட்டாங்க. அந்த மாணவர்களும், விளக்கம் கேட்டுப் படிச்சவங்க அளவுக்கே கத்துக்கிட்டாங்க. பேச வெச்சதே பாதி வேலையை முடிச்சிருக்கு.

அதனால், 'புரிஞ்சுதா?'னு கேட்டுட்டு நீங்க தலையாட்டினதும் அடுத்த பக்கம் போறவரைவிட, 'எங்க, நீ சொல்லு பார்ப்போம்'னு பேனாவை உங்க கையில் கொடுக்கிறவர் மேல். அது சங்கடமா இருக்கும், திணறுவீங்க. பரவாயில்ல. 'இது எனக்கும் சரியா தெரியல, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்'னு சொல்ற டியூட்டரை மட்டம்னு நினைச்சுடாதீங்க. மறுநாள் மறக்காம சொல்றாரான்னு பாருங்க. சொன்னா, அவரை விட்டுடாதீங்க. தப்பா கேட்டா கிண்டல் பண்றவர், மத்தவங்க முன்னாடி மட்டம் தட்டுறவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரரா இருந்தாலும் வேணாம். அவர்கிட்ட ஒரு வருஷம் படிச்சா டவுட் கேட்கிற பழக்கமே போயிடும்.

போட்டோ எடுத்தா விடை வருதே, டியூட்டர் எதுக்கு?

வருதுதான். ஏ.ஐ.-யிடம் போட்டோ காட்டினா, பத்து வரியில் அழகா போட்டுக் கொடுக்குது. அர்த்த ராத்திரியில் கேட்டாலும் கோபப்படாது. கூச்சமே வேணாம். அதை வேணாம்னு சொல்ல நான் யார்? ஆனா, அது நான் மொட்டை மாடியில் செஞ்ச அதே தப்பைத்தான் ரொம்ப நேர்த்தியா செய்யுது. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரின்னு தோணும். புரிஞ்ச மாதிரியே இருக்கும். நோட்டை மூடினா கை நகராது. சில நேரம் அது தப்பான விடையையும் அதே தைரியத்தோட சொல்லும்.

உபயோகிக்கணும்னா இப்படிப் பண்ணுங்க: விடை கேட்காதீங்க. 'நான் போட்ட வரிகள் இதோ, முதல் தப்பு எந்த வரியில்னு மட்டும் சொல்லு, திருத்தாதே'ன்னு கேளுங்க. வர்ற பதிலைக் கணக்கில் திருப்பிப் போட்டுச் சரிபாருங்க. பிரெஞ்சில் அது கொடுக்கிற வாக்கியத்தைப் பரீட்சையில் எழுதுறதுக்கு முன்னாடி மிஸ்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க. இலக்கணம் சரியா இருந்தாலும், உங்க பாடப்புத்தகத்தில் இல்லாத ஸ்டைலா இருக்கலாம்.

இன்னைக்கு ராத்திரி மெசேஜ் அனுப்புறதா இருந்தா

போட்டோவை வெளிச்சத்தில், நோட்டு நிழல் விழாம எடுங்க. கேள்வியும், நீங்க போட்ட வரிகளும் ரெண்டும் அதில் தெரியணும். அடிச்சுத் திருத்தினதை அழிக்காதீங்க, அதில்தான் சாருக்குத் தகவல் இருக்கு. பாட எண், கணக்கு எண் எழுதுங்க. ஒரு மெசேஜுக்கு ஒரு டவுட். எட்டு போட்டோவை வரிசையா தட்டி விட்டா, சார் எட்டையும் நாளைக்குத் தள்ளிடுவார். கடைசியில் இப்படி ஒரு வரி: 'மூணாவது வரி வரைக்கும் வந்தேன் சார். நாலாவதுல ப்ளஸ் எப்படி மைனஸ் ஆச்சுன்னு தெரியல.'

இந்த ஒரு வரியை டைப் பண்ணும்போதே சில நேரம் விடை கிடைச்சிடும். நிஜமா. அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு மைனஸ் இருந்ததை அப்போதான் கவனிப்பீங்க. அப்படி ஆச்சுன்னா மெசேஜை அழிச்சுட்டுத் தூங்கப் போங்க. ஆகலைன்னா அனுப்புங்க. ஆனா மணி பத்தரைன்னா, காலையில அனுப்புறது நல்லது. சாருக்கும் வீடு, குழந்தை, தூக்கம் எல்லாம் இருக்கு. பதில் வந்ததும் 'ஓகே சார்'னு போட்டுட்டு மறந்துடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு அந்த மெசேஜைப் பார்க்காம அதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க. மறுபடியும் அதே நாலாவது வரியில் நின்னுட்டா, அதையும் சார்கிட்ட சொல்லுங்க. வேற மாதிரி விளக்க அவர்கிட்ட இன்னொரு வழி இருக்கும்.